ஒரு நாட்டின் பெயரைக் கொன்றவன்

1990-இல் வெளிவந்த ‘டிகானா’ என்ற ஆங்கில நாவலில் ஒரு மன்னன் தன் பகைநாட்டுக்கு விதிக்கும் தண்டனை மரணத்தையும் தாண்டியது. போர்க்களத்தில் தன் மகனைக் கொன்ற அந்நாட்டை அவன் படை திரட்டி வந்து முறியடிக்கிறான். அதன் இளவரசனை வீழ்த்துகிறான், நகரைத் தரைமட்டமாக்குகிறான், கோபுரங்களையும் சிலைகளையும் உடைத்தெறிகிறான். அப்போதும் அவன் நெஞ்சு ஆறவில்லை. பெரும் மந்திரவாதியான அவன், அந்நாட்டின் பெயர்மீதே ஒரு மாயத்தை ஏவிவிடுகிறான். அதற்குமுன் அந்த மண்ணில் பிறந்தவர்களைத் தவிர வேறு எவர் காதிலும் இனி அந்தப் பெயர் ஏறாது. உரக்கச் சொன்னாலும் பிடிபடாமல் நழுவிப்போகும். அங்கே பிறந்த கடைசி மனிதர் கண்மூடும் நாளில், அப்படியொரு நாடு இருந்தது என்ற நினைவே உலகில் இல்லாமல் போய்விடும். அந்த நாளைக் காண்பதற்காகவே மன்னன் தன் தாய்நாட்டுக்குத் திரும்பாமல், மந்திரத்தால் ஆயுளை நீட்டிக்கொண்டு, வென்ற மண்ணிலேயே தங்கிவிடுகிறான்.

மந்திரமும் மாயமும் வரும் கதைகள் சிறுவர்களுக்கானவை, வாழ்க்கையை நேரே பார்க்க அஞ்சுபவர்களுக்கானவை என்ற எண்ணம் படித்தவர்களிடையே வலுவாக இருக்கிறது. இத்தகைய கதைகளில் வரும் பகைவன் பிறவியிலேயே கொடியவன், அவனை வெல்வதே கதையின் வேலை என்றும் பலர் நினைக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களையும் டிகானா பொய்யாக்குகிறது. பழிவாங்கும் பகைவனை அரக்கனாகப் படைக்காமல், பிள்ளையைப் பறிகொடுத்த தந்தையாகப் படைத்திருப்பதால்தான் அவன் செய்த அநீதியின் முழு அளவும் நமக்குப் புரிகிறது. வரலாற்றில் மெய்யாகவே பலமுறை நடந்த ஒரு குற்றத்தை, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு குற்றத்தை, கண்முன் நிறுத்தும் வேலையை இந்த நாவலில் மாயம் செய்கிறது.

இதை எழுதிய கய் கேவ்ரியல் கே கனடா நாட்டவர். 1954-இல் சஸ்காட்செவன் மாகாணத்தில் பிறந்து வின்னிபெக்கில் வளர்ந்தவர். டொரண்டோவில் சட்டம் படித்தவர். ஜே. ஆர். ஆர். டோல்கீன் மறைந்த பிறகு, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற ‘சில்மரிலியன்’ கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்யும் பணியில் அவருடைய மகன் கிறிஸ்டோபருக்கு உதவியாக 1974-75-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். எண்பதுகளில் கே எழுதிய ‘ஃபியோனவார்’ முத்தொகுதியில் டோல்கீனின் செல்வாக்கு தெளிவாகத் தெரியும். தனக்கென்று ஒரு வழியை அவர் கண்டுகொண்டது டிகானாவில்தான். உண்மையான ஒரு நாட்டையும் காலத்தையும் ஆழ்ந்து படித்து, பிறகு பெயர்களை மாற்றி, வானத்தில் இரண்டு நிலவுகளை ஏற்றி, சிறிதளவு மாயத்தைக் கலந்து அதே வரலாற்றை வேறோர் உலகத்தில் நிகழ்த்துவது அந்த வழி. பின்னாளில் இடைக்கால ஸ்பெயின், பைசாந்தியம், தாங் அரசமரபின் சீனம் ஆகியவற்றை அவர் இதே முறையில் நாவல்களாக்கினார்.

டிகானாவுக்கு அடித்தளம் மறுமலர்ச்சிக் கால இத்தாலி. கதை நடக்கும் தீபகற்பம் கை வடிவில் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதில் 9 மாநிலங்கள். மொழி ஒன்று, சமயம் ஒன்று. ஆனாலும் ஒன்றோடொன்று ஓயாமல் சண்டையிடுபவை. மேற்கிலிருந்து இக்ராத் நாட்டு மன்னன் பிராண்டினும், கிழக்கிலிருந்து பார்பாடியோர் பேரரசின் பிரபு ஆல்பெரிகோவும் படையெடுத்து வந்து ஆளுக்கு 4 மாநிலங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். எஞ்சிய சென்ஸியோ மட்டும் இருவருக்கும் நடுவில் தடுமாறி நிற்கிறது. இத்தாலியின் வரலாறு தெரிந்தவருக்கு இந்தச் சித்திரம் புதிதல்ல. 1494-இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் படையோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தபோது மிலானும் வெனிஸும் ஃபுளோரன்ஸும் ஒன்றுசேர்ந்து அவரைத் தடுக்கவில்லை. அடுத்த 60 ஆண்டுகளுக்கு மேலாக பிரான்சும் ஸ்பெயினும் தங்கள் பகையைத் தீர்த்துக்கொள்ளும் களமாக அந்தத் தீபகற்பம் கிடந்தது. 1527-இல் ரோம் நகரமே சூறையாடப்பட்டது. அந்நியரிடமிருந்து இத்தாலியை மீட்க வாருங்கள் என்ற அறைகூவலோடுதான் மாக்கியவெல்லி தன் ‘இளவரசன்’ நூலை முடித்தார். பிரிந்து நின்றதால் வீழ்ந்தோம் என்ற அந்தத் துயரம் டிகானா நாவல் முழுவதும் ஓடுகிறது.

கே படைத்த இரண்டு பகைவர்களில் ஆல்பெரிகோவைப் புரிந்துகொள்வது எளிது. அவனுக்கு வேண்டியது பதவி. ஊர் திரும்பிப் பேரரசன் ஆகவேண்டும், அதற்கு இந்தத் தீபகற்பம் ஒரு படிக்கட்டு. அவன் கொடுமைகள் எல்லாம் கணக்குப் பார்த்துச் செய்பவை. பிராண்டின் அப்படிப்பட்டவன் அல்ல. இசையில் தோய்ந்தவன், கூர்மையாகப் பேசுபவன், கலைஞர்களை மதிப்பவன், அன்பு செலுத்தத் தெரிந்தவன். டீசா ஆற்றங்கரையில் நடந்த முதல் போரில், பின்னர் பெயரை இழக்கப்போகும் டிகானா நாட்டின் இளவரசன் வாலன்டின் வென்றான். பிராண்டினின் மகன் ஸ்டீவன் மாண்டான். அந்த இழப்பின் வெறியோடு பிராண்டின் நேரில் வந்து நடத்திய இரண்டாம் போரில் டிகானா அழிந்தது. அழிந்த நாட்டுக்கு அவன் ‘கீழ் கோர்ட்டே’ என்று பெயர் சூட்டினான். கோர்ட்டே என்பது டிகானாவின் பரம்பரைப் பகையான அண்டை மாநிலம். அந்நாட்டின் அழகிய கோபுர நகரத்தை இடித்து, மிஞ்சியதற்குத் தன் மகன் பெயரால் ஸ்டீவனியன் என்று பெயரிட்டான். ஒரு பெயரை நிலைநிறுத்த இன்னொரு பெயரை அழிக்கிறான். புத்திர சோகம் என்று நம் மரபு சொல்லும் அதே துயரம்தான் இங்கே கொடுங்கோன்மையாக மாறி நிற்கிறது.

துயரத்திலிருந்து பிறக்கும் பழிக்கு எல்லை எது என்ற கேள்வி தமிழ் வாசகருக்குப் பழக்கமானது. கணவனை அநியாயமாக இழந்த கண்ணகி மதுரையை எரித்தாள். அவள் சினமும் ஒரு நகரத்தின் மீதே விழுந்தது, அதுவும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட ஒன்றின் துணையோடு. ஆனால் குழந்தைகள், முதியோர், அறவோர் முதலியவர்களை விட்டுவிட்டுத் தீயவர்பக்கம் மட்டுமே செல்லும்படி அவள் தீக்குக் கட்டளையிட்டதாக இளங்கோவடிகள் எழுதினார். பழியிலும் ஓர் அளவு இருக்கவேண்டும் என்ற அறவுணர்வு அந்த இடத்தில் பேசுகிறது. பிராண்டினின் பழியில் அந்த அளவு இல்லை. அவன் மகனைக் கொன்றது எதிர்ப்படை. அதுவும் அவனே தொடுத்த போரில். தண்டனையோ ஆடு மேய்த்தவனுக்கும் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் இன்னும் பிறவாத சந்ததிக்கும் சேர்ந்தே விழுகிறது. அவன் கண்ணீர் உண்மையானது என்பதாலேயே, கண்ணீர் ஒருவனுக்கு எதையும் செய்யும் உரிமையைத் தந்துவிடாது என்ற செய்தி அழுத்தமாகப் பதிகிறது. அரக்கன் ஒருவன் இதைச் செய்திருந்தால், அரக்கன் வேறென்ன செய்வான் என்று நாம் கடந்து போயிருப்போம்.

ஒரு பெயரை அழிப்பது கற்பனையில்தான் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு வரலாறு நிறையச் சான்றுகள் வைத்திருக்கிறது. கி.பி. 211-இல் ரோமானியப் பேரரசன் கராகல்லா தன் உடன்பிறந்த தம்பி கேட்டாவைக் கொன்றான். பிறகு அவன் பெயரைப் பேரரசு முழுவதும் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கச் செய்தான். அந்தக் குடும்பத்தின் வண்ண ஓவியம் ஒன்று இன்று பெர்லினில் இருக்கிறது. தந்தையும் தாயும் ஒரு மகனும் தெளிவாகத் தெரிய, இன்னொரு மகனின் முகம் மட்டும் சுரண்டி அழிக்கப்பட்டிருக்கிறது. 1603-இல் ஸ்காட்லாந்தின் மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசு, மக்ரிகர் குலத்தார் தங்கள் குலப்பெயரைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்று ஆணையிட்டது. அந்தத் தடை முழுமையாக நீங்கியது 1774-இல்தான். 1795-இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைக் கடைசியாகப் பங்குபோட்டுக்கொண்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, போலந்து அரசு என்ற பெயரையே இனி என்றென்றும் வழக்கிலிருந்து நீக்குவதென்று தமக்குள் இரகசிய உடன்பாடும் செய்துகொண்டன. இருபதாம் நூற்றாண்டிலும் இது நிற்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் அமைச்சர் கிளெமென்டிஸ் 1952-இல் தூக்கிலிடப்பட்டதும், கட்சித் தலைவரின் அருகில் அவர் நின்றிருந்த புகைப்படத்திலிருந்தும் அவர் உருவத்தை நீக்கினார்கள். மந்திரக்கோல் இல்லாமலே ஆட்சியாளர்கள் செய்துகாட்டிய வேலை இது.

இவ்வளவு சான்றுகள் இருக்கும்போது, போலந்தைப் பற்றியோ இத்தாலியைப் பற்றியோ நேரடியாகவே வரலாற்று நாவல் எழுதியிருக்கலாமே, மாயம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாவதாக, உண்மையான போர் ஒன்றைப் படிக்கும்போது நாம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்போம், முடிவும் தெரிந்திருக்கும். பெயர் மாற்றிய உலகத்தில் அந்தச் சாய்வு இல்லை. அதனால் ஒவ்வொருவரின் செயலையும் அதன் தகுதி பார்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. வெவ்வேறு நாட்டு வாசகர்கள், இது எங்கள் நாட்டின் கதைதானே என்று தம்மிடம் கேட்டதாகக் கே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு நாட்டைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் மற்றவர்கள் அதை அயலார் கதையாகவே படித்திருப்பார்கள். இரண்டாவதாக, பண்பாட்டு அழிப்பு பல தலைமுறைகளில் சிறுகச் சிறுக நடப்பது. பாடப்புத்தகம் மாறும், நிலப்படத்தில் ஊர்ப்பெயர் மாறும், பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் பேச்சு புரியாமல் போகும். எந்த ஒரு நாளிலும் அது முழுதாகக் கண்ணில் படுவதில்லை. கே அதை ஒரே மாயத்தில், ஒரே நொடியில் நிகழ்த்திக் காட்டுகிறார். பெயரைச் சொல்பவர் தொண்டை கிழியச் சொல்ல, எதிரில் இருப்பவர் விளங்காமல் விழிக்கும் காட்சியில் நூறாண்டு நடப்பு ஒரு கணத்தில் திரண்டு நிற்கிறது.

அவர் கையாளும் மாயத்தின் வேர்களும் நூலகத்திலிருந்து வந்தவையே. வயல்களின் விளைச்சலைக் காக்க ஆண்டில் ஓர் இரவு எழுந்து சென்று, கதிர்த்தட்டுகளை ஆயுதமாக ஏந்திப் போரிடும் கிராமத்தார் சிலர் நாவலில் வருகிறார்கள். வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் தங்களைப் ‘பெனன்தாந்தி’ என்று அழைத்துக்கொண்ட உழவர்கள், தாங்கள் உறக்கத்தில் ஆவியாகச் சென்று பெருஞ்சீரகத் தண்டுகளால் சூனியக்காரர்களோடு போரிட்டதாகச் சமய விசாரணை மன்றத்தில் வாக்குமூலம் தந்தார்கள். வரலாற்றறிஞர் கார்லோ கின்ஸ்பர்க் அந்த ஆவணங்களை ஆராய்ந்து 1966-இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலுக்குக் கே கடன்பட்டவர். ஆங்கிலேயர் அயர்லாந்தை அளந்து ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கியதைப் பற்றி பிரையன் ஃப்ரீல் 1980-இல் எழுதிய ‘மொழிபெயர்ப்புகள்’ என்ற நாடகமும் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. வரலாற்றைத் தெரியாமல் கற்பனையில் ஒதுங்கியவர் என்று இவரைச் சொல்ல முடியாது.

இனி குடும்பத்துக்கு வருவோம். இந்த நாவலில் நினைவு தங்கும் இடம் அரண்மனையும் ஆவணக்காப்பகமும் அல்ல, வீடுதான். டெவின் என்ற இளம் பாடகன் தன்னை வேறொரு மாநிலத்தவன் என்றே நம்பி வளர்ந்தவன். குழந்தைப் பருவத்தில் தந்தை வழியாகக் கேட்ட ஒரு மெட்டுதான் அவனை அவனுடைய உண்மையான மண்ணுக்கு இட்டுச்செல்கிறது. தப்பியோடி ஊர் ஊராக இசைக்கலைஞன் வேடத்தில் திரியும் இளவரசன் அலெஸ்ஸான், மாண்ட வாலன்டினின் மகன். போருக்கு முன்பே குடும்பத்தோடு வெளியேறிவிட்ட தந்தையின் செயலை நினைத்து வெட்கப்பட்டு, அதற்கு ஈடுகட்டுவதற்காகவே உயிரைப் பணயம் வைக்கிறாள் காத்ரியானா. போரில் மாண்ட ஒரு சிற்பியின் மகன் பெயர்ட் அலெஸ்ஸானோடு அலைகிறான். மகள் டயனோரா தனியே வேறொரு சபதம் எடுக்கிறாள். ஆனால் குடும்பம் அன்பை மட்டும் கடத்துவதில்லை, வஞ்சத்தையும் சேர்த்தே கடத்துகிறது. மரணப்படுக்கையில் கிடக்கும் அலெஸ்ஸானின் தாய், இத்தனை ஆண்டுகளாகப் பழிதீர்க்காமல் காத்திருக்கிறாயே என்று மகனைக் கடிந்துகொள்கிறாள். பிராண்டினுக்கு மகன்மீது இருந்த பாசம் எந்த ஊற்றிலிருந்து வந்ததோ, அந்தத் தாயின் சுடுசொல்லும் அதே ஊற்றிலிருந்துதான் வருகிறது. நல்லவர் வீட்டிலும் அந்த நெருப்பு எரிகிறது என்று காட்டும் துணிவு கேயிடம் இருக்கிறது.

பகைவனுக்கு மனித முகம் கொடுப்பது கொடுமைக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா என்ற மறுப்பும் எழும். ஒடுக்கப்பட்டவர் பார்வையில் இந்த ஐயம் மிகவும் இயல்பானது. அதற்கான விடை டயனோராவின் கதையில் இருக்கிறது. பிராண்டினைக் கொல்வதற்காகவே அவள் ஊரையும் பெயரையும் மறைத்து அவனுடைய அந்தப்புரத்தில் நுழைகிறாள். ஆண்டுகள் செல்கின்றன. அவள் அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். அவன் மனைவியான இக்ராத் அரசியே ஏவிவிட்ட கொலை முயற்சியிலிருந்து அவனைக் காப்பாற்றுபவளும் அவளே. பிராண்டினின் நல்ல குணங்கள் அனைத்தையும் அவள் கண்கள் வழியாக நாம் காண்கிறோம். பின்னர் அவன் தன் பழைய அரியணையையே துறக்கிறான், இந்த மண்ணிலேயே புது வாழ்வு தொடங்கத் துணிகிறான். ஆனால் அந்த ஒரு மாயத்தை மட்டும் கைவிட மறுக்கிறான். நேசிக்கும் பெண்ணின் நாட்டைத்தான் தான் ஒவ்வொரு நாளும் கொன்றுகொண்டிருக்கிறோம் என்பதை அவன் அறியவில்லை. புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. அவனைப் புரிந்துகொள்ளச் செய்த பிறகும் அவன் குற்றத்தில் ஒரு துளியைக்கூட நாவல் குறைத்துக் காட்டவில்லை. இனிமையாகப் பழகுகிறவர், கலையை ரசிப்பவர், பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருப்பவர் ஒரு மக்கள் கூட்டத்துக்கே எமனாக இருக்க முடியும் என்று அறிவது அச்சம் தருகிறது. அந்த அறிவு நமக்குத் தேவை.

இது இழந்த நாட்டையும் இளவரசனையும் போற்றும் வெறும் தேசியக் கதைதானே என்பது மற்றொரு குறை. அலெஸ்ஸானின் அரசியலைக் கவனித்தால் இது நிற்காது. பிராண்டினை மட்டும் கொன்றால் ஆல்பெரிகோ முழுத் தீபகற்பத்தையும் விழுங்கிவிடுவான். ஆகவே இருவரும் சேர்ந்து விழவேண்டும், 9 மாநிலங்களும் சேர்ந்து விடுதலை பெறவேண்டும் என்பது அவன் தீர்மானம். தன் நாட்டின் காயத்தை மட்டும் பார்த்திருந்தால் அவன் என்றைக்கோ கத்தியை எடுத்திருப்பான். அதே சமயம் அவன் கைகளும் கறைபடாதவை அல்ல. தன் போருக்கு மந்திர ஆற்றல் தேவைப்பட்டபோது, எர்லைன் என்ற மந்திரவாதியை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தனக்குக் கட்டுப்படுத்துகிறான். ஒருவனின் சுதந்திரத்தைப் பறித்துவிட்டு எந்தச் சுதந்திரத்துக்காகப் போராடுகிறாய் என்று எர்லைன் கேட்கும்போது அலெஸ்ஸானிடம் பதில் இல்லை. நியாயமான நோக்கம் அநியாயமான வழியைச் சுத்தப்படுத்திவிடாது என்பதை அந்த உறவு கடைசிவரை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. கடைசிப் போரில் பல முடிச்சுகள் ஒரே வேளையில் அவிழ்வது சற்றே வசதியாக அமைந்திருக்கிறது. பெண்களின் துணிவு பெரும்பாலும் தம்மைத் தாமே பலியிடும் துணிவாகவே வெளிப்படுகிறது. அக்கா தம்பி உறவு ஒன்று எல்லை மீறும் பகுதி பலருக்கு உவப்பாக இராது. ஆனால் நாடும் பெற்றோரும் போன பிறகு ஒருவரைத் தவிர ஒருவருக்கு எவரும் இல்லை என்றாகிவிட்ட இருவரின் சிதைவாகவே கே அதை எழுதியிருக்கிறார், கிளர்ச்சியூட்டுவதற்காக அல்ல. இவை நாவலின் மையத்தைத் தொடவில்லை. பிராண்டினின் பழி எப்படி முடிகிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை இங்கே சொல்வது படிக்கப் போகிறவருக்குச் செய்யும் தீங்கு. வெற்றியின் மகிழ்ச்சியை மட்டும் அந்த முடிவு தருவதில்லை என்று சொன்னால் போதும். இருபக்கமும் இழந்தவற்றின் கணக்கை அது வாசகர் கையிலேயே விட்டுவிடுகிறது.

123 ஆண்டுகள் நிலப்படத்தில் இல்லாதிருந்த போலந்து 1918-இல் மீண்டும் எழுந்தது. பேரரசுகள் நீக்கிய பெயரை வீடுகளும் பாடல்களும் வழிபாட்டு இடங்களும் அதுவரை காப்பாற்றி வைத்திருந்தன. டிகானா சொல்வதும் இதையே: பெயரை அழிக்கும் ஆற்றல் அரசுகளுக்கு உண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கும் ஆற்றல் குடும்பங்களுக்கு உண்டு. அந்தப் பெயரோடு வஞ்சத்தையும் சேர்த்துக் கொடுப்பதா என்பதைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. வரலாற்று மாயப் புனைவு என்ற வகையை இதுவரை தொட்டுப் பார்க்காதவர்கள் இந்த நாவலிலிருந்து தொடங்குங்கள். வாளும் மந்திரமும் தேடிப் போகிறவருக்கு அவை நிறையவே கிடைக்கும்; பழிவாங்கும் உரிமை யாருக்கு, எதுவரை என்ற கேள்வியும் கூடவே கிடைக்கும்.